காலி குடோனில் எழுதிய அறிக்கை

இரண்டு வருடத்துக்கு முன், வெயில் ஏறத் தொடங்கிய நேரம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு குளிர்பானக் குடோனில் நடந்தது இது.

வைஃபை அமைத்துக் கொடுப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. ஆனாலும் நாற்பத்து நாலு வயதில், வைஃபை பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்காதவர்கள் இனி அறிக்கையில் கையெழுத்துப் போடக்கூடாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். முகப்பேரிலிருந்து போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். இரண்டு முறை கோட்டை விட்டு, மூன்றாவது முறை தேறினேன். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. அக்கடா என்று படுத்துத் தூங்கத்தான் தோன்றியது.

தேறிய வாரத்து ஞாயிற்றுக்கிழமையே குடோனுக்கு அனுப்பினார்கள். சரக்கு எடுக்கும் பெண் ஒருவரின் ஸ்கேனர், பெட்டியின் பார்கோடைப் படித்து வைஃபையில் அனுப்பும் கருவி, அடிக்கடி நின்றுபோகிறதாம். விடுமுறை நாள். வாரக் கடைசியில் சரக்கெல்லாம் வெளியே போய், அலமாரிகள் முக்கால்வாசி காலி. லேப்டாப்புடன் ஒரு சுற்று நடந்தேன். எங்கும் சிக்னல் பிரமாதம். சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. ‘நெட்வொர்க்கில் குறையில்லை, கையாள்பவரைக் கவனிக்கவும்’ என்று எழுதி, பெயருக்குப் பக்கத்தில் சான்றிதழையும் ஜம்பமாகக் குறிப்பிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை வேறு வேலையாக அங்கே போனபோது, வாசலில் சாப்பாட்டுப் பையுடன் ஒரு பெண் நின்றிருந்தார். அந்த ஸ்கேனர்காரப் பெண்தான். என் அறிக்கையைக் காட்டி, அன்றோடு வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லியிருந்தார் சூப்பர்வைசர்.

“கோளாறு என் கையிலதான் கீதுன்னு எழுதினது நீங்கதானா மேடம்? ஒரு வாட்டி எங்கூட வந்து பாத்துட்டு சொல்லுங்க.”

எரிச்சலோடுதான் போனேன். உள்ளே இப்போது கூரை வரை குளிர்பானப் பெட்டிகள். அவர் வேலை செய்யும் சந்துக்குள் பத்தடி வைத்ததும் என் லேப்டாப்பிலேயே சிக்னல் செத்துவிட்டது. தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும். அத்தனை பாட்டிலிலும் இருப்பது தண்ணீர்தானே. சரக்கு நிறைந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும் என்பது பரீட்சையிலேயே வந்த கேள்வி. சரியான விடையைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

தப்பு என்னுடையது என்று அங்கேயே எழுதி சூப்பர்வைசரிடம் நீட்டினேன். “இன்னா மேடம், சர்டிபிகேட் வாங்கினவங்களே இப்டி மாத்தி மாத்தி எழுதினா?” என்று முறைத்தார். அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் அந்தப் பெண்ணை உள்ளே விட்டார்.

அவர் எனக்கு நன்றியெல்லாம் சொல்லவில்லை. ஸ்கேனரை எடுத்துக்கொண்டு போகும்போது, “அன்னிக்கே ஒரு வார்த்த என்னாண்ட கேட்டிருந்தா இன்னா மேடம்?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வருடம் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். மறுபடி அதே புத்தகம், அதே பஸ்; நினைத்தாலே அலுப்பாக வருகிறது. அதைக்கூடச் சமாளித்துவிடுவேன், ஆனால் அசந்துபோயிருக்கும் நாளில் ஒருவரைப் பற்றி ஒரு வரி எழுத மட்டும் எனக்கு இன்றும் பயமாகத்தான் இருக்கிறது.