ஹால்தார் தோப்பில் ஜப்பான்காரன்

மணப்பாட்டிலிருந்து கப்பலேறி அந்தமானின் மாயாபந்தருக்கு வந்த செலினுக்குப் பயம் என்பது வேறு யாருக்கோ வரும் வியாதி. கணவன் ஜெபராஜ் தீவுக்குத் தீவு ஓடும் கப்பலில் கலாசி. மாதத்தில் பாதி நாள் கடலில் கிடப்பான். வீட்டுக்கு ஆண்பிள்ளை அவள்தான் என்று ஊரே ஒத்துக்கொண்டிருந்தது.

அவள் வேலிக்கு அப்பால் வங்காளி ஹால்தார் பாபுவின் தென்னந்தோப்பு. யுத்தகாலத்தில் ஜப்பான் பட்டாளம் பயிற்சி எடுத்த இடம் அது. புதர் மூடிய பதுங்குகுழிகள், சிப்பாய்கள் கத்தியால் குத்திப் பழகிய மரக்கம்பங்கள், சிமெண்டுப் பங்கர் ஒன்று, இவ்வளவுதான் மிச்சம். மண்ணுக்குள் வெடிக்காத குண்டுகள் கிடப்பதாகப் பாபுவே எல்லோரையும் எச்சரிப்பார். கழுத்தில் துளசிமாலை, வாயில் கிருஷ்ணநாமம். அவர் பொய் சொல்வாரா?

எழுபத்திரண்டில், எங்கோ ஒரு தீவுக் காட்டில் பல வருஷமாக ஒளிந்திருந்த ஜப்பான் சிப்பாய் பிடிபட்டதாக ரேடியோ சொன்னது. கொஞ்ச நாளில் தோப்புப் பங்கரிலிருந்து புகை வருவதைச் சிலர் பார்த்தார்கள். மாயாபந்தருக்கும் ஒரு ஜப்பான்காரன் கிடைத்துவிட்டான். செலின் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் கோழிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் செவலைச் சேவலும் காணாமல் போன அன்று மீன் வெட்டும் கத்தியோடு கிளம்பிவிட்டாள்.

மணப்பாட்டுக் கரையிலிருந்தே வந்த பக்கத்துவீட்டுப் பொன்னம்மா வழிமறித்தாள்.

"ஏட்டி, அவங்கிட்ட துப்பாக்கி இருக்கும்."

"இருக்கட்டும். கோழியத் தின்னா கேக்க ஆளில்லன்னு நெனச்சானா?"

குண்டுக்காக மட்டும் கொஞ்சம் நிதானித்தாள். மாட்டுக் குளம்படிகளைப் பார்த்துப் பார்த்து மிதித்தாள். மாடு வெடிக்காத இடத்தில் மனுஷி வெடிக்கமாட்டாள் என்பது அவள் நியாயம். கொடி படர்ந்து, துருப்பிடித்த இரும்புத் தொப்பி கவிழ்ந்த கம்பம் ஒன்றை ஆளென்று நினைத்து, கையைத் தூக்கச் சொல்லி இந்தியில் அதட்டினாள். கம்பம் அடங்கியே நின்றது. அப்புறம்தான் பங்கர் பக்கமிருந்து வெங்காயமும் இஞ்சியும் மசாலாவோடு வதங்கும் வாசனை வந்தது. ஜப்பான்காரனுக்கு கரம் மசாலா யார் கொடுத்தது?

உள்ளே எட்டிப் பார்த்தாள். ஹால்தார் பாபு குந்தியிருந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். துளசிமாலை சுவரில் நீட்டிய கம்பியில் பத்திரமாகத் தொங்கியது.

"தீதி," என்றார், அகப்பையைக் கீழே வைக்காமல். "கர் மே மத் போல்னா. வீட்ல சொல்லிடாதீங்க."

அவர் மனைவியின் ஆசாரத்தில் வெங்காயம்கூட வாசல் தாண்டாது. நாக்கு கேட்கவில்லை என்றார். குண்டுக்கதையும் ஆள் வராமலிருக்கத் தாமே கட்டியது என்று ஒப்புக்கொண்டார்.

செலினுக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்து கோபத்தைக் கெடுத்தது. சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

"நமக் கம்மி, பாபு."

உப்பு போட்டு இருவரும் சாப்பிட்டார்கள். வளர்த்த சேவலைத் தின்கிற துக்கம் அவளுக்கு இருந்தது. இரண்டாம் முறை வாங்கிக்கொள்ள அது தடையாக இல்லை.

தண்டனையை அவளே விதித்தாள். பங்கர் இனி அவள் கோழிகளுக்கு; உடும்பு நுழையாதபடி கதவைப் பாபுதான் அடிக்க வேண்டும். நாக்கு கேட்டால் நேராக அவள் வீட்டுக்கு வரலாம், ஜெபராஜும் அவரும் சேர்ந்து சாப்பிடலாம்.

மறுவாரம் ஜப்பான்காரனைப் பற்றி விசாரிக்கப் போலீஸ் ஹவில்தார் வந்தார். குண்டுக்குப் பயந்து வேலிக்கு வெளியிலேயே நின்றார். பாபு வாயைத் திறக்குமுன் செலின் சொன்னாள்: "வந்தாரு சாப், போயிட்டாரு. நல்ல மனுசன்."

பாபு தலையைக் குனிந்துகொண்டு கதவுக்கு ஆணி அடித்தார்.