நான்காவது இன்ஜெக்டர்

வீட்டின் முன்னறை தையல்காரிக்கு. பின்னாலிருந்த தகரக் கொட்டகை அவள் கணவர் லாரிக்காரருக்கு. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் எதற்கெல்லாமோ சண்டை வந்திருக்கிறது, இந்த எல்லைக்காக மட்டும் வந்ததில்லை. முன்னறைக்குள் கிரீஸ் கை நுழையக் கூடாது. கொட்டகையில் கிடக்கும் எந்த நட்டையும் குப்பை என்று சொல்லக் கூடாது. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

ஆனால் லாரியைப் பழுது பார்க்க ஒருவர் போதாது. ஒருவர் அடியில் படுத்தால் இன்னொருவர் பெடலை மிதிக்க வேண்டும், சாவியைத் திருப்ப வேண்டும். அப்படி ஏறி இறங்கியே தையல்காரிக்கு அந்த வண்டி பழகிப்போயிருந்தது. எந்தச் சத்தம் சரி, எது சரியில்லை என்பது அடுப்படியில் நின்றபடியே அவளுக்குத் தெரியும்.

அந்த மாதம் சத்தம் சரியில்லை. ஆறு சிலிண்டர் வண்டி, ஐந்து காலில் நடப்பது போல் நொண்டியது. நான்காவது சிலிண்டரின் தலையிலிருந்து 'புஸ், புஸ்' என்று காற்று கசிந்தது. டீசலை உள்ளே பீய்ச்சும் இன்ஜெக்டர் அங்கே சரியாக உட்காரவில்லை. கழற்றி, அடியிலிருக்கும் செம்பு வாஷரை மாற்றினால் தீர்ந்தது. லாரிக்காரர் அரை நாள் வேலை என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்.

மூன்று நாள் ஆயிற்று. கசிந்த புகை கரியாக இறுகி, இன்ஜெக்டரைச் சுற்றிச் சிமெண்டு பூசியதுபோல் பிடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். தட்டினார். கடப்பாரையால் நெம்பினார். அசைவேனா என்றது.

"எல்லாம் அந்த மெக்கானிக் பார்த்த வேலை. போன வருஷம் அவன் கை வெச்சான், அன்னிக்குப் பிடிச்ச சனி," என்றார்.

மெக்கானிக் இரண்டு தெரு தள்ளி இருந்தான். ஒரு காலத்தில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதம். இந்தச் சந்தேகம் வந்ததிலிருந்து பேச்சு இல்லை.

"அவரையே கூப்பிட்டுக் கேட்டா என்னங்க?"

"செத்தாலும் அவன் வாசல்ல நிக்க மாட்டேன்."

நான்காம் நாள் காலையில் யாரோ ஓர் ஓட்டுநர் சொன்ன யோசனையோடு லாரிக்காரர் வந்தார். இன்ஜெக்டரை அழுத்திப் பிடிக்கும் கிளாம்பை இரண்டு மரைச் சுற்று மட்டும் தளர்த்திவிட்டு எஞ்சினைச் சுற்றினால், உள்ளே இருக்கும் அழுத்தமே அதைத் தள்ளி இளக்கிவிடுமாம். தையல்காரி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அது மூக்கு நீண்ட பழைய வண்டி. தூக்கி நிறுத்திய எஞ்சின் மூடி கண்ணாடியை முழுக்க மறைத்தது. அவருடைய குரல் மட்டும் வந்தது.

"ஸ்டார்ட் அடி."

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சுற்றியது, இன்ஜெக்டர் அசையவில்லை.

"இன்னொரு தடவை."

இல்லை. ஸ்பேனர் கீழே விழும் சத்தமும் அவர் எதையோ திட்டுவதும் கேட்டது. பிறகு நட்டு கழலும் சத்தம், நீளமாக. இரண்டு மரைக்கு இவ்வளவு நேரம் ஏன் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதைக் கேட்கவில்லை.

"ம், அடி."

திருப்பினாள்.

வெடித்தது போல் ஒரு சத்தம். அடுத்த கணமே கொட்டகைக் கூரைத் தகரம் அலறியது. அவள் கை தானாகச் சாவியை அணைத்தது. கூரையிலிருந்து துருத்தூள் கண்ணாடி மேல் பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு ஒன்றுமில்லை.

"என்னங்க."

குரலை உயர்த்தினாள்.

"ஏங்க, என்னங்க."

இறங்கினால் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் அவள் இறங்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று பின்னாளில் யார் கேட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. கடைசியில் கதவைத் திறந்தாள். ஏணிப்படியைப் பிடித்துத் தொங்கியபடிதான் இறங்கினாள்.

லாரிக்காரர் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்பேனர். முகம் பேயறைந்தது போலிருந்தது. அவளுடைய வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, ஊருக்கே கேட்கும் குரலில், "காது அடைச்சிடுச்சு. ஒண்ணும் கேக்கல," என்றார்.

கிளாம்பை முழுக்கவே கழற்றியிருந்தார். கழற்றிவிட்டு, முகத்தை இன்ஜெக்டருக்கு நேர் மேலே நீட்டிப் பார்த்தபடி 'அடி' என்று சொல்லியிருக்கிறார். சொன்ன கையோடு ஸ்பேனர் நழுவி விழ, எடுக்கக் குனிந்தார். அந்த ஒரு குனிவில்தான் உயிர் தங்கியது. அரைக் கிலோ இரும்பு, அவர் தலை இருந்த இடத்தைக் கடந்து போய்த் தகரத்தைப் பிளந்துகொண்டு வெளியேறியிருந்தது. பின்பக்கக் காலி மனையில், மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. தொட்டால் இன்னும் சுட்டது.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு," என்று அவர் சிரிக்கப் பார்த்தார்.

அவள் சாவியை உருவிக்கொண்டு உள்ளே போனாள். அன்று முழுவதும் ஊசியில் நூல் கோக்க அவளால் முடியவில்லை. மின்சாரம் போனாலும் கோத்துவிடுகிற கை. விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னது அவர், திருப்பியது இந்தக் கை.

மறுநாள் காலை அவரிடம் சொல்லாமல் மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனாள். நடந்ததைச் சொன்னதும் மெக்கானிக் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான்.

"கிளாம்பே இல்லாமலா?"

"இல்லாமத்தான்ணே."

"அம்மா, என்கூட வேலை கத்துக்கிட்டவன் ஒருத்தன் இப்படித்தான் எட்டிப் பார்த்தான். இன்னிக்கு ஒத்தைக் கண்ணோட இருக்கான்." சட்டையை மாட்டிக்கொண்டான். "வாங்க. அவர் திட்டினா திட்டிட்டுப் போகட்டும்."

லாரிக்காரர் திட்டவில்லை. காதில் பஞ்சோடு ஓரமாக நின்றார். மெக்கானிக் காலியான குழிக்குள் விளக்கடித்துப் பார்த்து, வளைந்த கம்பியால் மெல்லத் துழாவி வாஷரை எடுத்தான். எடுத்ததை விரலால் நெருட, அது இரண்டாகப் பிரிந்தது.

"ஒண்ணு மேல ஒண்ணு ரெண்டு கிடக்கு. பழசை எடுக்காம புதுசைப் போட்டிருக்காங்க. எப்படி உட்காரும்? கசியத்தான் செய்யும். நான் இந்தப் பக்கம் கையே வெக்கலையே, பம்ப் மட்டும்தானே பார்த்தேன். யார் மாத்தினது இது?"

தையல்காரிக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், சரக்கு ஏற்றப் போகும் அவசரத்தில் லாரிக்காரரே மாற்றினார். விளக்குப் பிடித்தவள் அவள். கணவரைப் பார்த்தாள்.

அவர் காதுப் பஞ்சை எடுத்தார். "நான்தான்," என்றார். "நான்தான் மாத்தினேன். உன்னைப் போய்ச் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

மெக்கானிக் கொஞ்ச நேரம் வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஊரெல்லாம் சொன்னீங்களே," என்றான்.

"சொன்னேன்."

"சரி. ஊரெல்லாம் போய் மாத்திச் சொல்லுங்க. இப்ப அந்த அஞ்சாவதைப் பார்ப்போம். அதைச் சுத்தியும் கரி கட்டியிருக்கு."

ஐந்தாவதும் அதே பிடிவாதம்தான். ஆனால் இந்த முறை யாரும் எஞ்சினைச் சுற்றவில்லை. மெக்கானிக் இரண்டு வேளை எண்ணெய் ஊறவிட்டான். பிறகு ஸ்பேனரை மாட்டி, இன்ஜெக்டரை இந்தப் பக்கம் மயிரிழை, அந்தப் பக்கம் மயிரிழை என்று திருப்பச் சொன்னான். லாரிக்காரர் மனைவிக்கு வழிவிட்டு ஒதுங்கினார். தையல்காரி புடவையைச் செருகிக்கொண்டு பம்பர் மேல் ஏறி நின்றாள்.

"பலம் போடாதீங்கம்மா. அடிமேல் அடி வெச்சா அம்மியும் நகரும்."

இறுகிப்போன தையலைத் துணி கிழியாமல் பிரிக்கிற பொறுமை அவளுக்கு உண்டு. மதியம்வரை திருப்பினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, கண்ணுக்குத் தெரியாமல் கைக்கு மட்டும் தெரிகிற ஓர் அசைவு. மெக்கானிக் இழுப்புக் கம்பியை இன்ஜெக்டரின் தலையில் முறுக்கிப் பூட்டி, அதில் சறுக்கி ஓடும் இரும்புக் குண்டை மேல்நோக்கி மூன்று முறை அடித்தான். கரி உதிர, இன்ஜெக்டர் சாதுவாக வெளியே வந்தது. அதன் அடியிலும் இரண்டு வாஷர்கள். அதைப் பார்த்து லாரிக்காரர் தலையிலடித்துக்கொள்ள, மெக்கானிக் முதல் தடவையாகச் சிரித்தான்.

வண்டி மறுவாரம் ஓடத் தொடங்கியது. லாரிக்காரரின் இடது காதில் மட்டும் ஒரு ரீங்காரம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. தையல்காரி இப்போது அவருடைய வலப்பக்கம் வந்துதான் பேசுகிறாள். சாவியைத் திருப்ப மட்டும் அவள் அந்த இருக்கையில் ஏறுவதே இல்லை. அவசியமானால் அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொள்கிறார். அவள் கொட்டகை வாசலில், அவர் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து நிற்கிறாள்.

"என் மூஞ்சியில என்ன இருக்குன்னு இப்படிப் பார்க்கிறே?" என்பார் அவர், குனிந்தபடியே.

"நீங்க வேலையைப் பாருங்க," என்பாள்.