காசிமிரா தூங்கிய சாலை

காசிமிராவுக்கு வீட்டில் தூக்கம் வராது. மலைமேல் சுற்றுலா ஊரான உயுனியில், ரயிலடிக்குப் பின்னால், இரண்டு அறை வீடு. கட்டில் இருக்கிறது, லாமா ரோமக் கம்பளி இருக்கிறது, கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும் இருக்கிறது. எல்லாம் இருந்து என்ன? சிலி நாட்டுச் செம்புச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்று போன புருஷன் தமியான், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் கண்கள் ராத்திரியில் மூட மறுத்துவிட்டன. அழுதாளா என்றால், இல்லை. அழுது தொலைத்திருந்தால் தூக்கமாவது வந்திருக்கும். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்; விடிவதற்குள் எழுந்து உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்துவிடுவாள்.

அவள் தூங்குகிற இடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். டிரைவர் இலாரியோனுடைய ஜீப்பின் முன் சீட்டு. அதுவும் எப்போதும் இல்லை. மூன்று நாள் சுற்றுலாவின் கடைசி நாளில், வந்தவர்களைச் சிலி எல்லையில் இறக்கிவிட்டு வண்டி காலியாகத் திரும்பும்போது மட்டும். எல்லைக் கம்பம் கண்ணுக்கு மறைவதற்குள் அவள் தலை சன்னல் கண்ணாடியில் சாய்ந்துவிடும். விழிக்கும்போது இருட்டியிருக்கும், உயுனியின் விளக்குகள் தெரியும், தொட்டிலில் கிடந்து எழுந்த மாதிரி உடம்பு லேசாக இருக்கும். வண்டியில் வரும் சமையல்காரியாக அவள் வேலை பார்த்த வருஷங்கள் முழுக்க அப்படித்தான்.

வேலை ஒன்றும் சும்மா இல்லை. அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் உருளைக்கிழங்கு வேகாது. குக்கர் இல்லாமல் ஒரு சூப்பு வைக்க முடியாது. காற்று அடுப்பை அணைக்கும், புழுதி சட்டியில் விழும், நடுவில், உயரம் ஒத்துக்கொள்ளாமல் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும் ஒரு வெள்ளைக்காரருக்குக் கோக்கா இலைத் தண்ணீர் போட்டுக் கொடுக்க வேண்டும். மனித நடமாட்டமே இல்லாத பாலைவனத்தில் காசிமிராவின் குக்கர் விசில் அடிக்கும்; தூரத்தில் மேயும் காட்டு லாமாக்களான விகுன்யாக்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயும்.

இலாரியோன் பெண்டாட்டியை இழந்தவன். சுற்றுலாக்காரர்களிடம் வாய் ஓயாது. இந்த எரிமலைக்கு என்ன பேர், அந்த ஏரி ஏன் சிவப்பு, பூநாரை ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது. "ரெண்டு காலையும் தூக்கினா விழுந்துடுமே" என்று அவனே பதிலும் சொல்வான், அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். காசிமிராவிடம் மட்டும் பேச்சு "ம்", "ஆமா", "உப்பு இருக்கா" என்பதோடு சரி. அவள் அவனை மாஸ்டர் என்பாள். உயுனியில் டிரைவர்களுக்கு அதுதான் மரியாதை. அவன் அவளை அம்மணி என்பான். இதற்கு மேல் இருவருக்கும் நடுவில் எதுவும் இல்லை என்று ஊர் நம்பியது, காசிமிராவும் நம்பினாள், அல்லது நம்பியதாகச் சொல்லிக்கொண்டாள்.

அந்த மழைக்காலத்தில் கம்பெனி முதலாளியம்மா நெலிதா இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டாள்.

"அடுத்த சீசன்லேர்ந்து சமையலாள் கிடையாது. மத்த வண்டில எல்லாம் எப்பவோ நிறுத்தியாச்சு. சாப்பாட்ட டப்பால கட்டிக் குடுத்துடறோம், டிரைவரே சுட வச்சுக்கட்டும். அந்த சீட்டுல இன்னொரு ஆள் வரலாம் பாருங்க."

காசிமிரா இலாரியோனைப் பார்த்தாள். வண்டி அவனுடையது, கம்பெனி சுற்றுலாக்காரர்களை அனுப்புவதோடு சரி. முடியாது என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் தொப்பியைக் கையில் சுற்றினான், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான், பிறகு "சரிங்க" என்றான்.

அந்தச் "சரிங்க" இருக்கிறதே, அதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. வேலை போனால் இன்னொரு வேலை. கோச்சபாம்பாவில் தங்கச்சி பெத்ரோனா கோழிக்கடை வைத்திருக்கிறாள். வா வா என்று வருஷக்கணக்காகக் கூப்பிடுகிறாள். அங்கே குளிர் கிடையாது, புழுதி கிடையாது, முதுகை ஒடிக்கும் ஜீப்பும் கிடையாது. ஆனால் இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒருத்தி இறங்கிப் போகிறாள் என்றால், மனுஷன் ஒரு முனகலாவது முனக வேண்டாமா?

கோபத்தோடு டிக்கெட் எடுத்தாள். மூட்டை கட்டிக் கதவருகே வைத்துவிட்டுத்தான் கடைசிப் பயணத்துக்கு வண்டி ஏறினாள். சட்டி பானைகளை ஏற்றும்போது சொன்னாள்: "மூணாம் நாள் சாயங்காலம் கோச்சபாம்பா பஸ், மாஸ்டர். நேரத்தோட கொண்டாந்து விட்டுடுங்க."

"ம்" என்றான் இலாரியோன்.

முதல் நாள் உப்புவெளி. மழைத் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது, காற்று துளிகூட இல்லை. அந்த மாதிரி நாளில் அங்கே தரை என்று ஒன்று கிடையாது. மேலேயும் மேகம், கீழேயும் மேகம். இலாரியோன் விளிம்பில் வண்டியை நிறுத்தி, பாட்டில் மூடியில் சாராயம் ஊற்றிப் பூமித்தாய்க்குத் தெளித்தான். காசிமிரா கோக்கா இலை வைத்தாள். உப்புத்தண்ணீர் எஞ்சினைத் தின்றுவிடும் என்பதால் வண்டி ஆள் நடக்கிற வேகத்தில்தான் உள்ளே போனது. நடுவில் மேஜை போட்டுச் சாப்பாடு வைத்தாள். வந்திருந்த சுற்றுலாக்காரர்கள் ஐந்து பேரும் ஆகாயத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சூப்பு குடித்தார்கள். தட்டு கழுவப் போனவள் காலடியில் இன்னொரு காசிமிரா தலைகீழாக நின்று அவளைப் பார்த்தாள். கோச்சபாம்பா கோழிக்கடைக்கு இவள் வரமாட்டாளே என்று தோன்றியது. தோன்றியதும் எரிச்சல் வந்தது, தட்டை அழுத்தித் தேய்த்தாள்.

இரண்டாம் நாள் ஏரிகள். வெள்ளை ஏரி, நீல ஏரி, ரத்தம் கரைத்தது போன்ற சிவப்பு ஏரி. மணல் மலைகள் கானலில் மிதந்தன. தூரத்து விகுன்யாக்கள் காலில்லாமல் காற்றில் நின்றன. சிவப்பு ஏரிக் கரையில் இலாரியோன் பூநாரைக் கதையைத் தொடங்கினான். ஆயிரம் தடவை கேட்ட அந்த அசட்டு ஜோக்குக்குக் காசிமிரா ஒருநாளும் சிரித்ததில்லை. அன்றைக்குச் சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. இந்த மனுஷனை விட்டுப் போக அவளுக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான் விஷயம். அதை ஏரிக்கரையில் குக்கரோடு நின்றுகொண்டு தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இலாரியோன் அவள் பக்கம் திரும்பினான். "என்ன அம்மணி, மண்ணு விழுந்துடுச்சா?"

"ஆமா, மண்ணுதான்" என்றாள்.

மூன்றாம் நாள் காலை. நிலம் வாய் பிளந்து ஆவி கக்கும் இடத்தைத் தாண்டி, வெந்நீர் ஊற்றுக்கு வந்தார்கள். சுற்றுலாக்காரர்கள் கழுத்துவரை தண்ணீரில் கிடந்தார்கள். புகைக்குள் தலைகள் மட்டும் தெரிந்தன. காசிமிரா கரையில் அடுப்பு மூட்டி மாவுப் பணியாரம் வார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு வண்டியின் டிரைவர் வெனான்சியோ ஓசிப் பணியாரத்துக்கு வந்து நின்றான்.

"அக்கா, கடைசி ட்ரிப்பாமே. இனிமேலாவது உங்க மாஸ்டர் நேரத்தோட வீடு வந்து சேருவாரு."

"இப்ப என்ன நேரங்கெட்டுப் போச்சு?"

"எல்லையில எல்லாரும் ஒண்ணாத்தான ஆள இறக்குறோம்? நாங்க உயுனி வந்து, குளிச்சு, சாப்பிட்டு, ஒரு கை சீட்டும் ஆடி முடிச்ச பொறவுதான் உங்க வண்டி லைட்டு தெரியும். ஊருல என்னென்னமோ பேசுறாங்க."

"பேசுற வாயில பணியாரத்த அடைச்சுக்க. ரோடு அப்படி இருக்கு, நாங்க என்ன பண்ண?"

"ரோடு எல்லாருக்கும் தகரந்தான்" என்றான் வெனான்சியோ. காற்றும் லாரிகளும் சேர்ந்து கூரைத் தகடு மாதிரி வரி வரியாக்கிவிட்ட சாலைக்கு டிரைவர்கள் வைத்த பெயர் தகரம். அதில் போனால் பல் ஆடும், செத்தவனும் எழுந்து உட்காருவான். "உங்க மாஸ்டர் மட்டும் ரோடு பிரியுற எடத்துல தகரத்த விட்டுட்டு மணல்ல எறங்கி, மலையச் சுத்தி, ஏரியச் சுத்திப் போவாரு. டீசலுக்குப் பிடிச்ச கேடு. ஏன் மாஸ்டர்னு ஒருநாள் கேட்டேன். தகரத்துல போனா தூக்கம் கலைஞ்சுடும்னாரு. யாரு தூக்கம்னு கேட்டா, வாயத் தொறக்கல."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். சட்டியில் பணியாரம் கருகியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒருநாள் திரும்பும் வழியில், "வீட்ல எனக்குத் தூக்கமே வர்றதில்ல மாஸ்டர்" என்று அவள் சொல்லியிருந்தாள். அவன் பதில் சொல்லவில்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

எல்லையில் ஐந்து பேரும் கட்டிப்பிடித்து விடைபெற்று சிலி பக்கத்துப் பஸ் ஏறினார்கள். ஜீப் காலியாயிற்று. காசிமிரா முன் சீட்டில் ஏறி, தூக்கம் வராதிருக்கக் கன்னத்தில் கோக்கா இலையை அடக்கிக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டாள். எல்லைக் கம்பம் மறைந்தது. எல்லையோரத்துப் பச்சை ஏரி பின்னால் போனது. இலாரியோன் ஓரக்கண்ணால் பார்த்தான். கொஞ்ச தூரம் கழித்து மறுபடி பார்த்தான்.

"தூங்கலியா அம்மணி?"

"தூக்கம் வரல."

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை மாற்றினான். முன்னால் பாலைவனம் விரிந்து கிடந்தது. நடுப்பகல் வெயிலில் மலைகள் அடி அறுந்து மிதந்தன. சாலை பிரியும் இடம் வந்தது. ஒரு பக்கம் தகரம், இன்னொரு பக்கம் மணலில் ஒற்றை வண்டியின் தடம். வேறு யாரும் போகாத தடம். காசிமிரா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இலாரியோன் வண்டியை மெதுவாக்கினான், ஒரு கணம் யோசித்தான், தகரத்தில் ஏற்றினான்.

பின்னால் சட்டி, பானை, குக்கர் எல்லாம் ஒன்றாகக் கத்தின. அவளுக்குப் பல் கிட்டியது.

"நிறுத்துங்க மாஸ்டர்."

நிறுத்தினான்.

"இது நாம போற ரோடு இல்லியே."

அவன் முகம் காதுவரை சிவந்துவிட்டது. "யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. ஏன் இதுல வந்தீங்க?"

"சுத்திப் போனா இருட்டிடும். உங்க பஸ் போயிடும்."

"பஸ்ஸ விட்டுடக் கூடாதுன்னு அவ்வளவு அக்கறையா?"

"அம்மணி, முதுகு போச்சு, முதுகு போச்சுன்னு நீங்க சொல்லாத நாளு உண்டா? தங்கச்சி வேற கூப்பிடுது. நல்ல வெயிலு ஊரு. நா எப்படிக் குறுக்க நிக்கிறது?"

"முதுகு வலிக்குதுன்னுதான் சொன்னேன். விட்டுட்டுப் போறேன்னா சொன்னேன்?"

இலாரியோன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"திருப்புங்க" என்றாள் காசிமிரா. "அந்த ரோட்ல இத்தன வருஷம் போயிருக்கேன், ஒரு தடவகூட கண்ணால பாத்ததில்ல."

"பஸ்ஸு?"

"போகட்டும்."

வண்டி பின்வாங்கி மணலில் இறங்கியது. சத்தம் நின்றது. அப்படி ஒரு நிசப்தம். சக்கரம் மாவில் உருளுவது போல உருண்டது. மஞ்சள் மலை ஒன்று பக்கத்திலேயே நெடுந்தூரம் கூட வந்தது. அதன் சரிவில் உறைபனி கோடு கோடாக மின்னியது. வளைவு திரும்பியதும் ஏரி. பால் நிறம், கரையெல்லாம் வெண்ணிறப் படிவு, நடுவில் பூநாரைகள். இதன் கரையோரமாகத்தானா இத்தனை வருஷம் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு போனேன் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

இலாரியோன் ஒவ்வொரு கல்லுக்கும் ஒதுங்கி, ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினான்.

"ஏன் இப்படி ஊர்றீங்க? நாந்தான் முழிச்சிருக்கேனே."

"பழகிப்போச்சு" என்றான். பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னான்: "நெலிதாம்மாகிட்ட நாளைக்குப் போய்ச் சொல்லிடறேன். அந்தச் சீட்டு என் வண்டியோடது. அன்னிக்கி சரிங்கன்னுட்டு வந்தேன் பாருங்க, அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல அம்மணி. கண்ண மூடினா அந்தச் சீட்டுல வேற யாரோ உக்காந்திருக்காங்க."

அவன் கண்களை அப்போதுதான் அவள் சரியாகப் பார்த்தாள். இமைகள் வீங்கிச் சிவந்திருந்தன. மூன்று நாளும் அந்தக் கண்களை வைத்துக்கொண்டா பூநாரைக் கதை சொன்னான் இந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏரிக்கரையில ஓரமா நிறுத்துங்க. சூப்பு வைக்கிறேன்."

அவள் இறங்கி, காற்றுக்கு மறைவாக அடுப்பை வைத்து, உருளைக்கிழங்கு நறுக்கித் திரும்பிப் பார்த்தபோது, இலாரியோன் தொப்பி முகத்தில் சரிய, சன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. உயுனியில் கோச்சபாம்பா பஸ்ஸில் ஆட்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். குக்கர் விசில் அடித்தால் விழித்துக்கொள்வானே என்று, உருளைக்கிழங்கை வாய் திறந்த சட்டியில் போட்டு, எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று காசிமிரா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.