படகுக் கணக்கில் ஒரு கார்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் ஸ்ப்ரே கன் வெறும் காற்றைத் துப்பியது. கூரையைத் தவிர கார் முழுவதும் வெள்ளையாகிவிட்டது. கூரை மட்டும் செய்தித்தாளுக்குள் பழைய நீலத்தோடு இருந்தது. அடுத்த நாள் காலை காரை ஹோட்டலில் காட்ட வேண்டும். அதே வெள்ளையைக் கலந்து தரும் கடை வவுனியாவில். ஞாயிறு அதற்குப் பூட்டு.

வீட்டில் வைத்துக் கார் பெயின்ற் அடிக்க நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது எத்தனை லீற்றர் வாங்குவது என்றுதான். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குருநாகலில் ஒரு கராஜ், பிறகு கட்டார், பிறகு முருங்கனில் உழவு இயந்திரங்களுக்குப் பெயின்ற் வேலை. சில இடங்களை நான் விட்டேன், சில இடங்களில் என்னை விட்டார்கள். அப்படி அலைந்து பேசாலைக்கு வந்தபோது கிடைத்த வேலை சூசையப்பு அண்ணையின் கார்.

அவர் கடற்றொழில் செய்தவர். தோள்மூட்டு விலகி, வலை இழுக்க முடியாமல் போயிருந்தது. தலைமன்னார்ப் பக்கம் புதிதாக வந்த ஹோட்டல் ஒன்று, வெளிநாட்டுக்காரரை ஏற்றி இறக்க நிரந்தரமாக ஒரு கார் தேடியது. வெள்ளைக் காராக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அவருடையது நீலம். அதுவும் படகுக்குப் பூசி மிஞ்சிய இனாமலை அவரே பிரஷ்ஷால் இழுத்த நீலம். இந்த ஹயர், வாடகை ஓட்டம், கிடைக்காவிட்டால் அதே தோளோடு அவர் மறுபடி கடலுக்குப் போக வேண்டும்.

நான் காரைச் சுற்றி வந்து கணக்குப் பார்த்தேன். சின்னக் கார்தானே என்று ஏமாறக் கூடாது. கதவைத் திறந்தால் உள்விளிம்பு, டிக்கியைத் திறந்தால் மூடியின் அடிப்பக்கம் எல்லாம் இருக்கிறது. கடும் நீலத்தை வெள்ளை இரண்டு கோட் பூச்சில் மூடாது. எல்லாவற்றையும்விட, கன்னால் அடிக்கும் பெயின்றில் பாதியளவு காரில் விழாமல் புகையாகப் போய்விடும். மன்னார்க் காற்றில் இன்னும் கூடப் போகும்.

"வெள்ளை நாலரை லீற்றர், பிறைமர் மூண்டு, தின்னர் எட்டு. சாண்ட் பேப்பர், மாஸ்கிங் ரேப் வேற. இவ்வளவும் வேணும் அண்ணை."

"நாலரையோ? என்ர படகு பத்தொன்பது அடி தம்பி. அதுக்கே நாலு லீற்றர்தான் போனது. இது அதில முக்கால்வாசியும் வராது. மூண்டு காணும், போதும்."

"படகுக்கு நீங்கள் பிரஷ்ஷால பூசினீங்கள். இது கன்."

"கன் எண்டால் பெயின்ற் குடிக்குமோ?"

"கன் குடிக்காது. காத்து குடிக்கும்."

அவருடைய மனைவி றோசலின் அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். "எங்கட கலியாணத்துக்கும் இந்த மனுசன் படகில போற ஆக்களின்ர கணக்கிலதான் சோறு ஆக்கினவர். கடைசிப் பந்தி சோறில்லாமல் கடைப் பாண் திண்டது."

சூசையப்பு அண்ணை வவுனியாவுக்கு பஸ் ஏறி, மூன்று லீற்றர் வெள்ளையோடு வந்தார். பிறைமரிலும் தின்னரிலும் அவருக்குப் படகு அனுபவம் இல்லை. ஆகவே அவற்றை நான் சொன்னபடியே வாங்கியிருந்தார்.

"இது கூரைக்குக் காணாது," என்றேன்.

"கூரையைக் கடைசிக்கு விடு. வெள்ளைக்காரன் காருக்குள்ள இருக்கிறவன். மேல ஏறி இருக்கிறவனில்லை."

கூரையில் தொடங்குவதுதான் தொழில் முறை. ஆனால் அங்கே தொடங்கினால் கதவில் குறையும். கூரையைச் செய்தித்தாளால் மூடி, ஓரத்துத் தண்ணீர்ப் பீலியோடு மாஸ்கிங் ரேப்பை நூல் பிடித்ததுபோல் ஒட்டினேன். ரயர் கடையில் இரவல் வாங்கிய கொம்பிரசரை முற்றத்தில் வைத்து, தூசு எழும்பாமல் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, காற்று வரும் பக்கம் தார்ப்பாய்ப் படங்கு கட்டினோம். காற்று படங்கைச் சுற்றிக்கொண்டு வந்தது. காற்றில் பாதி போய் மெலிந்த பிறைமருக்கு மேல், முதல் கோட் தண்ணீர் கலந்த பால்போல் நீலத்தைக் காட்டியது. இரண்டாவதிலும் நிழல் தெரிந்தது. மூன்றாவது கோட் முடிய பெயின்றும் முடிந்தது.

"மிச்சம் எங்க தம்பி?"

நான் வேலியைக் காட்டினேன். கிழக்குப் பக்கத்து ஓலை வேலி பளிச்சென்று வெள்ளையாக நின்றது.

"வேலிக்கு ஹயர் கிடைச்சால் எனக்கும் சொல்லுங்கோ," என்றார் றோசலின் அக்கா.

சூசையப்பு அண்ணை சிரிக்கவில்லை. தோளைத் தடவிக்கொண்டு நின்றார். "நாளைக்குப் போய் என்னத்தைச் சொல்லுறது?"

செய்தித்தாளை உரித்தேன். ரேப் ஒட்டிய இடத்தில் வெள்ளையும் நீலமும் கத்தியால் வெட்டியதுபோல் பிரிந்திருந்தன. மெருகேற்றும் கொம்பவுண்ட் போட்டு, நீலம் மினுங்கும் வரைக்கும் கூரையைத் தேய்த்தேன். பிரஷ் இழுத்த கோடுகள் மட்டும் போகவில்லை.

காலையில் ஹோட்டல் வாசலில் காரை நிறுத்தினோம். முகாமையாளர் மேல்மாடி விறாந்தையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். அவர் காரை முதலில் கூரைப் பக்கத்திலிருந்து பார்ப்பார் என்பது எங்கள் இருவருடைய கணக்கிலும் இல்லை.

"வெள்ளை எண்டுதானே சொன்னது? மேல என்ன நீலம்?"

சூசையப்பு அண்ணை என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

"கடல் கலர், சேர்," என்றேன்.

அவர் இறங்கி வந்து கூரையில் விரலை ஓட்டினார். "இந்தக் கோடு கோடாய்ப் போறது?"

"அலை, சேர்," என்றார் சூசையப்பு அண்ணை, கொஞ்சமும் யோசிக்காமல்.

முகாமையாளர் மறுபடி மேலே போய்ப் பார்த்தார். போனில் படம் எடுத்தார். அன்று மத்தியானமே அண்ணைக்கு முதல் ஹயர் கிடைத்தது. நான் உயிரைக் கொடுத்து அடித்த பொனட்டைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் ஹோட்டல் வான் வண்டியின் கூரைக்கும் அதே நீலம் வேண்டும் என்றார்கள், அலையோடு. நான் இரண்டு லீற்றர் என்று கணக்குச் சொன்னேன். ஆனால் கன்னில் அலை வராது. சூசையப்பு அண்ணை படகு பெயின்றையும் பழைய பிரஷ்ஷையும் நல்ல கையில் எடுத்துக்கொண்டு, "ஒரு லீற்றர் காணும்," என்று போனார். கண்டது. அடியில் மிஞ்சிய பெயின்றைத் தகரத்தோடு கொண்டுவந்து என்னிடம் காட்டிவிட்டுப் போனார்.

ஆகவே பிள்ளைகளே, எத்தனை லீற்றர் என்று கேட்க முதல், கன்னா பிரஷ்ஷா, அடியில் என்ன நிறம், காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். பார்க்க வருகிறவர் மேல்மாடியில் நிற்பாரா என்றும் விசாரியுங்கள். ரேப்பை மட்டும் நேராக ஒட்டுங்கள். கோடு நேராக இருந்தால் குறை வேண்டுமென்றே விட்டதுபோல் தெரியும்.

அந்த வேலியைச் சூசையப்பு அண்ணை இன்னும் மாற்றவில்லை. நான் அடித்ததில் ஓர் இடமும் விடாமல் மூன்று கோட்டும் விழுந்தது அதில்தான்.