காற்றைக் குறைத்தவன்

கடைக்கு வருகிறவர்கள் யாராவது, "அண்ணா, பின்னாடி காத்து கொஞ்சம் கொறச்சி வுடுங்க, வண்டி தூக்கித் தூக்கிப் போடுது" என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வண்டிக் கதவோரம் கம்பெனிக்காரன் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதைத்தான் பிடிப்பேன். அதற்கு மேல் பேசினால் வேறு கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன். வியாபாரம் தெரியாத ஆள் என்று ஊரில் பெயர் வாங்கியிருக்கிறேன். வால்விலிருந்து காற்று இறங்கும்போது வரும் அந்தச் சீறலை என்னால் கேட்க முடியாது என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

ஜவ்வாது மலை அடிவாரத்தில், படவேட்டுக்குப் போகும் ரோட்டில் என் டயர் கடை. அண்ணன் ஜேசிபி வைத்து மண் வேலை காண்டிராக்ட் எடுத்துக்கொண்டிருந்தான். வசதி வந்ததும் மற்றவர்கள் மாடி கட்டுவார்கள். அவன் பெங்களூரிலிருந்து ஒரு பழைய ஜெர்மன் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். கறுப்பு நிறம். உள்ளே உட்கார்ந்தால் கல்யாண மண்டபத்து மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அது போதாதென்று கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் இன்ஜின் கம்ப்யூட்டரில் என்னென்னவோ மாற்றி, டர்போவையும் பெரிதாகப் போட்டுக்கொண்டு வந்தான். ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றும். இவ்வளவும் செய்துவிட்டு, ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போய்ச் சாமையும் தேனும் வாங்கி வருவதற்குத்தான் அதை எடுப்பான். கொண்டை ஊசி வளைவுகளில் அது உறுமிக்கொண்டு ஏறும் சத்தம் அடிவாரம் வரைக்கும் கேட்கும். எந்த வளைவில் இருக்கிறான் என்று சத்தத்தை வைத்தே அம்மா சொல்லிவிடுவாள்.

இப்போதும் சில மத்தியானங்களில் அந்தச் சத்தம் கேட்கிறது. டயரைக் கழற்றிக்கொண்டிருக்கும் கை அப்படியே நின்றுவிடும். ஏதாவது புல்லட்டாக இருக்கும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அது கடையைத் தாண்டிப் போகிற வரைக்கும் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருக்கிற வரைக்கும் அது அவனாக இருக்கலாம், இல்லையா.

வேலூரிலும் பெங்களூரிலும் அவனுக்குக் கார்ப் பைத்தியம் பிடித்த நண்பர்கள் சிலர் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் வேலை முடிந்தும் திறக்காமல் ஒரு பைபாஸ் ரோடு கிடந்தது. புதுத் தார், வளைவே இல்லாத நேர் ரோடு. ஒரு காலைப் பொழுதில் அங்கே இரண்டிரண்டு காராக நிறுத்தி ஓட்டிப் பார்ப்பது என்று பேச்சாயிற்று. ரேஸுக்கென்று செய்கிற, ரோட்டோடு ஒட்டிப் பிடிக்கிற டயர் கூடாது, தினமும் ஓட்டுகிற சாதா டயரிலேயே வர வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. சாதா டயரில் அவ்வளவு பெரிய இன்ஜினின் இழுப்பு தரையில் இறங்காது, வழுக்கும். "அதுலதான்டா கெத்து கீது" என்பான் அண்ணன். எனக்கு அது சுத்தக் கிறுக்குத்தனமாகப் பட்டது. சொல்லவும் சொன்னேன். சொல்லிவிட்டு, காற்று பார்க்கிற மீட்டரைத் தூக்கிக்கொண்டு அவனுக்கு முன்னால் போய் நின்றதும் நான்தான்.

"பின்னாடி காத்து எறக்குடா."

"எவ்ளோ?"

"நீதான டயர்க்காரன். நீயே பாரு."

இறக்கினேன். காற்று குறைந்தால் டயர் தரையில் அகலமாக உட்காரும், கிளம்பும்போது அவ்வளவாக வழுக்காது. ஆனால் வேகம் ஏறிய பிறகு வண்டியின் பின்பக்கம் நெளியும். இரண்டையும் யோசித்து நடுவாக ஓர் அளவில் நிறுத்தினேன். சரியான அளவு என்றுதான் நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் அண்ணி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். காலடியில் ஒரு கல்யாணப் பூசணிக்காய். அங்கே வேறு பெண்கள் யாருமில்லை. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னாடி இது, ஆயுத பூஜையா?"

"எத்தினி பேரு கண்ணு இந்த வண்டி மேல கீது தெரியுமா? சுத்திப் போடாம எடுக்க வுட மாட்டேன்."

வெளியூர்க்காரர்கள் முதலில் சிரித்தார்கள். அண்ணி கற்பூரம் ஏற்றியதும் அவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். குங்குமம் அப்பிய பூசணிக்காயைக் காரைச் சுற்றிக் கொண்டுவந்து முன்னால் ஓங்கி உடைத்தார். பெரிய துண்டுகளை நாங்கள் ஓரமாகத் தள்ளினோம். தண்ணீரும் சதையும் விதையும் தாரில் பரவிக் கிடந்தன. அதன் மேல் ஏறித்தான் கார், கிளம்புகிற கோட்டுக்குப் போய் நின்றது. "டயர சுத்த வுட்டு தொடச்சிக்க" என்று கத்தினேன். ஒரு தடவை சுற்றவிட்டான். புகை வந்தது. போதும் என்று ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினான்.

கிளம்பிய உடனே காரின் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்தது. நிமிர்த்திவிட்டான். என் பக்கத்தில் நின்றவர் கைதட்டினார். பக்கத்துக் காரை முந்திக்கொண்டு தூரத்தில் போய்க்கொண்டிருந்தான். கியர் மாறுகிற சத்தம் கேட்டது. பின்பக்கம் மறுபடியும் இழுத்தது, இந்தத் தடவை நிமிரவில்லை. சிறிய பாலம் ஒன்றின் கைப்பிடிச் சுவரில் போய் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, என் மடியில், உயிர் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் பூசணிக்காய்க் குங்குமம் அப்படியே இருந்தது. செய்தி கேட்டு ஓடிவந்த பெரியம்மா ஒருத்தி, அழுகைக்கு நடுவிலேயே ஆரம்பித்துவிட்டாள். "பொம்பள போவாத எடத்துக்கு இவ ஏன் போனா? பூசினிக்காய வண்டி முன்னாலயே ஒடச்சாளாமே…"

அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். புருஷனை விழுங்கியவள் என்று ஒரு பேர் விழுந்துவிட்டால் அதோடு அண்ணியின் வாழ்க்கை முடிந்தது. எங்கள் வீட்டில்கூட அவருக்கு இடம் இருக்காது. அம்மா என்ன ஏது என்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் நான் சத்தமாகச் சொன்னேன்.

"காத்த நான்தான் அளவுக்கு மேல கொறச்சிட்டேன். அதான் வண்டி நெளிஞ்சிடுச்சி. வேற ஒண்ணும் இல்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்க்கவேயில்லை.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, போலீஸ் ஸ்டேஷன் பின்புறம் நொறுங்கிக் கிடந்த காரைப் பார்க்கப் போனேன். பின் டயரில், தரையைப் பிடிக்கிற ரப்பர் பட்டன்களின் இடுக்கில், பூசணி விதைகள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில் ஸ்க்ரூ டிரைவரால் நோண்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வருகிற வழியில் கமண்டல ஆற்றில் கொட்டினேன். என் மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

சொன்ன சொல் பலித்தது. அண்ணியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசி வரைக்கும் அவரோடேயே இருந்த அம்மாவுக்கு அண்ணிதான் மகனும் மகளுமாக ஆனார். நான் ஊர் வாயில் காற்றைக் குறைத்தவனாக ஆனேன். அம்மா என் பிள்ளைகளைப் பார்க்க வாசல் வரைக்கும் வருவாள், உள்ளே வர மாட்டாள். என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருவில் உடைந்து கிடக்கும் பூசணிக்காய்களையெல்லாம் கூட்டித் தள்ளுவேன். பஞ்சாயத்தில் சம்பளம் போட்டுக் கொடுத்துவிட்டார்களா என்று கிண்டல் செய்வார்கள்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறொன்று. நாளாக நாளாக, நான் சொன்னது பொய்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. விதை வழுக்கியிருந்தால் கிளம்பும்போதே போயிருக்க வேண்டும். அதைத்தான் அவன் நிமிர்த்திவிட்டானே. வேகத்தில் பின்பக்கம் நெளிந்தது எதனால்? படுத்தால் அந்த மீட்டர் முள்தான் கண்ணுக்குள் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் காற்றை விட்டுவைத்திருக்கலாமோ.

போன ஐப்பசி மழையில் அம்மா போய்விட்டாள். கருமாதி முடிந்து, அண்ணியை ஜமுனாமரத்தூரில் விடுவதற்கு என் வேனில் அழைத்துப் போனேன். அங்கேதான் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறார். மலை முழுக்க மூட்டம். வழக்கமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சேட்டையைச் சொல்லிக்கொண்டே வருகிறவர், அன்று வாயே திறக்கவில்லை. பாதி மலை ஏறியதும் கேட்டார்.

"தம்பி, அந்த வெதைங்கள இன்னா பண்ணீங்க?"

கால் தானாக பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனான்.

"எந்த வெதை?" என்றேன். எவ்வளவு மட்டமான நடிப்பு என்று சொல்லும்போதே தெரிந்தது.

"அவரு செருப்பு வண்டியிலயே கீதுன்னு எடுக்க ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்க குந்திக்கினு டயர நோண்டிக்கினு இருந்தீங்க. வெளியவே நின்னு பாத்துட்டு அப்படியே திரும்பிட்டேன்."

வேனை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன்.

"அத்தைகிட்ட சொல்லணும்னு தெனம் நெனப்பேன். சோறு போடறப்ப வாய் வரைக்கும் வரும். அப்பால அவங்களும் என்ன வுட்டுட்டா நான் எங்க போவேன்னு பயமா இருக்கும். நீங்க செமந்தீங்க, நான் பாத்துக்கினே இருந்தேன். உங்க வூட்ல ஒரு வாய் தண்ணி குடிக்காமயே போய்ட்டாங்களே தம்பி."

எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கப் போவதில்லை. இத்தனை வருஷம் தெரிந்திருந்தும் என் அம்மாவை என்னிடம் தராமல் வைத்திருந்தார் என்று வயிறு எரிந்தது. இறங்கி நடந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் அந்த பயம் என்னவென்று எனக்குத் தெரியும். அதற்காகத்தானே அன்று வராந்தாவில் வாயைத் திறந்தேன்.

வண்டியை எடுத்தேன். மேலே போய்ச் சேரும் வரைக்கும் நானே பேசிக்கொண்டு வந்தேன். வெதை இல்லீங்க அண்ணி, மொத தடவ இழுத்தப்பவே அண்ணன் நிமித்திடுச்சி, டயரையும் சுத்த வுட்டு தொடச்சிடுச்சி, அப்பால நெளிஞ்சது காத்தால, நான் கொறச்ச காத்தால என்று, கடையில் வாடிக்கையாளருக்குச் சொல்வது போல விவரமாகச் சொன்னேன். ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தியதும் அண்ணி பையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இது எனக்கோசரம் சொல்றதா தம்பி, இல்ல நெசமா?"

மழை வலுத்திருந்தது. மூட்டையோடு ஓடுகிறவர்கள் வேன் கண்ணாடியை இடித்துக்கொண்டு போனார்கள். அண்ணி கதவில் கையை வைத்தபடி, இறங்காமல் காத்திருந்தார்.

"தெரியலீங்க அண்ணி" என்றேன். அண்ணன் போன பிறகு அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.