வளையத்தைத் தைத்தேன்

என் மகள் யாழினி நான்காம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் சாரணர் குழுவில் இருப்பதால் வெள்ளிக்கிழமைதோறும் அந்தச் சீருடையில்தான் போவாள். கழுத்துத் துணியின் இரு முனைகளையும் கோத்துப் பிடிக்கும் வளையத்தை அடிக்கடி தொலைத்துவிட்டு வருவாள். எரிச்சலில் ஒருநாள், தலை நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு, வளையத்தைத் துணியோடு இறுக்கித் தைத்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை சுருளிப்பட்டியில் பள்ளி வேனிலிருந்து இறங்கினாள். உள்ளே இருந்த பிள்ளைகள் கதவை இழுத்துச் சாத்தினார்கள். அவள் முதுகில் தொங்கிய துணியின் நுனி கதவிடுக்கில் சிக்கிக்கொண்டது. வேன் நகர்ந்தது. துணி கழுத்தை இறுக்கியதில் அவளால் கத்தக்கூட முடியவில்லை. சாலையின் எதிர்ப்பக்கம் நின்ற நான் ஓடினேன்; எட்டவில்லை.

திராட்சைத் தோட்ட வேலை முடிந்து வந்த ஒரு பெண்தான் வேனுக்கு முன்னால் பாய்ந்தார். “ஏலே, நிறுத்துலே! பிள்ள கழுத்து மாட்டிக்கிருச்சு!”

ஆஸ்பத்திரியில் டாக்டர் துணியைத் திருப்பிப் பார்த்தார். “இழுத்தா கழண்டு வரணுமே. இத யாரும்மா தச்சாக?”

“நான்தான் சார்” என்றேன்.

பிழைத்துவிட்டாள். தழும்பும் மறைந்துவிட்டது. ஆனால் திருவிழாவுக்குக்கூடத் தன் கழுத்தில் சங்கிலி போட அவள் விடுவதில்லை.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை காலை, வேனில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையின் கழுத்துத் துணியையும் இழுத்துப் பார்க்கிறேன். சில அம்மாக்கள் முகம் சுளிக்கிறார்கள். போன வாரம் ஒரு சிறுவனின் துணி கழன்று வரவில்லை. நூலை வெட்டிய பிறகுதான் அவனை ஏறவிட்டேன்.