சுண்டல் தண்ணீரும் என் மார்ஷ்மெல்லோவும்

மார்ஷ்மெல்லோத் தொழிலின் முதல் விதி: வாயில் போட்டவர் "இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்பதற்குள் அது கரைந்துவிட வேண்டும். என்னுடையது கரைவதற்குள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

நொய்டாவில் நான் வேலை பார்த்த அலுவலகம் எங்கள் பிரிவையே மூடிவிட்டது. குருகிராமில் வேறு வேலை தயாராக இருந்தது. ஆனால் டெல்லி ஆர்.கே.புரத்திலிருந்து தினமும் அவ்வளவு தூரம் மெட்ரோவில் நசுங்கிப் போய்வர எனக்குத் தெம்பில்லை, மனசும் இல்லை. "தீபாவளிக்குள் ஒரு கடையாவது என்னிடம் தினமும் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் குருகிராம்" என்று கணவர் சீனிவாசனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, குவார்ட்டர்ஸ் சமையலறையில் மார்ஷ்மெல்லோ அடிக்கும் பீட்டரும் கையுமாக நின்றேன். வீட்டிலேயே தொழில் தொடங்கி, சாதம் வடிக்க இடமில்லாமல் தவித்த புண்ணியவான்களே, புண்ணியவதிகளே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பாதிக்குப் பரிகாரம்

மார்ஷ்மெல்லோ வேறொன்றும் இல்லை. சர்க்கரைப் பாகை ஜெலட்டினோடு சேர்த்து நுரைக்க நுரைக்க அடித்து, உறைந்ததும் துண்டு போட வேண்டும். முதல் ஈடு பிரமாதமாக வந்தது. பெருமை தாங்காமல் எதிர் வீட்டு விசாலம் மாமியிடம் தட்டை நீட்டினேன். மாமி பாதியைக் கடித்து, கண்ணை மூடி ரசித்து, "ஜெலட்டின்னா என்ன?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். சத்தியசந்தி நான், மாட்டு எலும்பு என்று சொல்லித் தொலைத்தேன். மாமி குழாயடிக்கு ஓடி, கொப்பளித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஏண்டி, முழுசாத் தின்னிருந்தாலாவது ஏதாவது பரிகாரம் இருக்கும். பாதிக்கு என்ன பண்றது?"

நவராத்திரித் தீர்த்தம்

எங்கள் குவார்ட்டர்ஸில் சைவம் இல்லாமல் பிழைக்க முடியாது. தேடிப் படித்ததில் வழி கிடைத்தது. உறைய வைக்கக் கடல்பாசி, நுரைக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். முட்டை வெள்ளைக்கரு போலவே நுரைக்கும் என்றார்கள், நுரைத்தது.

அப்போது நவராத்திரி. கொலு வைத்த வீட்டிலெல்லாம் சுண்டல், கடலைத் தண்ணீரெல்லாம் வாஷ்பேசினில். எனக்கு வயிறு எரிந்தது. எல்லோரும் வெற்றிலை பாக்கு வாங்கப் போன வீடுகளுக்கு நான் தூக்குச் சட்டியோடு போனேன். சட்டி நிறைந்தது. ஆனால் நம்மவர்கள் கடலை வேகும்போதே உப்புப் போடுவார்கள் என்பதும், விசாலம் மாமி பெருங்காயமும் சேர்ப்பார் என்பதும் அடித்து, பாகு ஊற்றி, துண்டு போட்ட பிறகுதான் உறைத்தது. என் மகள் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அம்மா, இதுக்குத் தொட்டுக்க சட்னி இருக்கா?"

மாடியிலிருந்து வந்த உதவி

என் கஷ்டத்தைக் கேள்விப்பட்ட மாடி வீட்டு மல்ஹோத்ரா ஆன்ட்டி, "நான் உப்பைக் கடைசியில்தான் போடுவேன்" என்று ஒரு ஜக் நிறையத் தண்ணீர் கொடுத்தனுப்பினார். மூடியைத் திறந்தால் கறுப்பு. சோலே என்கிற கடலை மசாலாவுக்கு நிறம் ஏறுவதற்காகக் கடலையோடு டீ இலையைத் துணியில் கட்டிப் போட்டிருக்கிறார். அடித்துப் பார்த்தேன். சாக்கடை கலந்த யமுனை நுரை மாதிரி ஒன்று எழும்பியது. மனசு கேட்காமல் மாடிக்குப் போய், டீ இலை இல்லாமல் ஒரு நாள் வேகவைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். ஆன்ட்டி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஹிந்தியில் சொன்னார்:

"வெள்ளை சோலே காய்ச்சல்காரங்களுக்குக்கூடக் கொடுக்க மாட்டோம், மகளே."

டைரக்டரின் கவலை

யாரையும் நம்பிப் பயனில்லை என்று கடலையை நானே ஊறவைத்தேன். உப்பில்லை, சோடா இல்லை, சின்னத் தணலில் நிதானமாக வேகவிட்டேன். தண்ணீர் கெட்டியாக, பொன்னிறமாக வந்தது. மார்ஷ்மெல்லோவும் கடைசியில் மார்ஷ்மெல்லோவாகவே வந்தது. அன்றைக்குச் சமையலறையில் நின்று அழுதேவிட்டேன்.

ஆனால் தண்ணீரை எடுத்தால் கடலை மிஞ்சுமே? அதை யார் தின்பது? கடலைக் குழம்பு, கடலைக் கூட்டு, கடலை அடை, மோர்க்குழம்பிலும் கடலை. மகள் தோழி வீட்டில் சாப்பிட ஆரம்பித்தாள். சீனிவாசன் வாய் பேசாத பிராணி, வைத்ததை டப்பாவில் எடுத்துக்கொண்டு அமைச்சக அலுவலகத்துக்குப் போனார். அவர் பக்கத்து நாற்காலிக்காரர்கள் ஜன்னலைத் திறந்துவைத்து வேலை பார்த்தார்களாம். ஒரு நாள் மாலை ஷூவைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"டைரக்டர் கூப்பிட்டு, 'சீனிவாசன், வீட்ல எல்லாம் சௌக்கியம்தானே, ஏதாவது பிரச்சினைன்னா மனசு விட்டுச் சொல்லுங்க'ங்கறார்."

கோல் மார்க்கெட்டில் கடைசி முயற்சி

ஏறி இறங்கிய கடையெல்லாம் "அச்சா, அப்புறம் பார்க்கலாம்" என்றது. தீபாவளிக்கு முதல் நாள், மிச்சமிருந்தது கோல் மார்க்கெட்டில் பிரேம்ஜியின் கடை ஒன்றுதான். சோலேக்கும் அதோடு தரும் குல்ச்சா ரொட்டிக்கும் பேர்போன கடை. புதிதாக ஹாட் சாக்லெட்டும் போடுகிறார். தமிழ்க் குடும்பங்களுக்கு டீ ஊற்றியே தமிழ் கற்றவர். இவரும் மறுத்தால் குருகிராம்தான். மார்ஷ்மெல்லோப் பெட்டியை நீட்டினேன். ஒன்றை வாயில் போட்டார். அதற்குள் வாடிக்கையாளர் கூப்பிட, போய்விட்டார்.

காத்திருந்த நேரத்தில் பசி. கொண்டுபோயிருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், அதே வெந்த கடலை. திரும்பி வந்த பிரேம்ஜி கேட்காமலே நாலு கடலையை எடுத்து, ஒன்றை விரலால் நசுக்கி, மற்றவற்றை மென்று, உள்ளே எட்டிப் பார்த்துத் தன் சமையல்காரரை முறைத்தார். என் பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினார்.

"மேடம், இந்த வெள்ளை மிட்டாய் நமக்கு வேணாம். ஆனா இந்த மாதிரி உடையாம, குழையாம வெந்த சன்னா நம்ம ஆளுக்கு வரவே மாட்டேங்குது, நாளையிலேர்ந்து தினம் குடுப்பீங்களா?"

தீர்ப்பு

சந்தோஷப்படுவதா, அவமானப்படுவதா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். மார்ஷ்மெல்லோவை ஒரு கடையும் வாங்கவில்லை, குருகிராமுக்கே போகிறேன் என்று மூக்கை உறிஞ்சினேன். நடந்ததைக் கேட்ட சீனிவாசன், கோப்பில் குறிப்பு எழுதும் தோரணையில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரு கடை தினமும் வாங்கணும்னுதானே வாக்கு, என்னத்தை வாங்கணும்னு சொல்லலையே, நீ எங்கேயும் போக வேண்டாம், அந்தக் கடலை மட்டும் திரும்பி வீட்டுக்கு வராம பாத்துக்கோ."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு ஒரே ஒரு தகவல்: எங்கள் வீட்டில் இப்போது கடலைக் குரங்குதான் சம்பாதிக்கிறது, பிள்ளையார் அதன் தண்ணீரில் உட்கார்ந்து நுரைத்துக்கொண்டிருக்கிறார்.